கேட் திறந்த பிறகும் பதினேழு நிமிடம்: கேட்டில் முந்துவது யார் குற்றம்?

கணியம்பாடிக்காரன்:
காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையைக் கடந்துதான் நான் தினமும் வேலூருக்கு வேலைக்கு வருகிறேன். கேட் மூடியிருப்பதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ரயில் போக வேண்டும், நாம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். என் வருத்தமெல்லாம் கேட் திறந்த பிறகு நடப்பதைப் பற்றியது. சென்ற செவ்வாய்க்கிழமை கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 8.22க்குக் கேட் மூடியது, 8.29க்கு ரயில் கடந்தது, 8.30க்குக் கேட் திறந்தது, நான் தண்டவாளத்தைத் தாண்டியபோது மணி 8.47.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடப்பக்கம் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் நிற்க மனமில்லாதவர்கள், எதிரே வருபவர்களுக்கு உரிய வலப்பக்கத்தில் ஏறி, கேட் கம்பியில் முன்சக்கரம் இடிக்கும் வரை போய் நிற்கிறார்கள். அந்தப் பக்கமும் இதே கதைதான். கம்பி மேலே போனதும் இரண்டு கூட்டமும் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் முட்டி நிற்கின்றன. பின்னால் இருப்பவர்கள் நெருக்கிக்கொண்டே இருப்பதால் பின்வாங்கவும் வழியில்லை. அன்று எனக்கு முன்னால், இருபுறமும் பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் இடையில் சிக்கிச் சாய்ந்தது. ஒரு கேனின் மூடி கழன்று, பால் தண்டவாளத்து ஜல்லியில் ஒழுகியது. நிமிர்த்திவிடலாம் என்று பார்த்தால் கால் ஊன்ற இடமில்லை. எதிர்ப்பக்கத்தில் போய் நின்றால் தானும் போக முடியாது என்பது ஒரு முறை பார்த்தாலே விளங்கும். தினமும் பார்த்தும் விளங்கவில்லை என்றால், இதை அறிவின்மை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

பாலாற்றங்கரை:
ஐயா, உங்கள் நேரம் வீணானதில் எனக்கும் வருத்தமே. ஆனால் ‘அறிவின்மை’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். காலை எட்டரை மணிக்கு அந்தக் கேட்டில் நிற்பவர்களில் பலர் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள். கால் மணி நேரம் தாமதமானால் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் ஓரிடத்தில் நானே ஆறு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒழுங்காக இடப்பக்கம் நின்றவன் கடைசியில் போகிறான், வலப்பக்கம் ஏறியவன் அவனுக்கு முன்னால் எப்படியோ நுழைந்துவிடுகிறான் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை, வரிசையின் மேல் நம்பிக்கை இல்லை.

இதே மனிதர்கள், டோக்கன் எண் பலகையில் ஒளிரும் மருத்துவமனைக் கூடத்தில் இரண்டு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பதை வேலூரில் இருக்கும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தன் முறையை இன்னொருவர் பறிக்க முடியாது என்ற உறுதி அங்கே இருக்கிறது. கேட்டின் இருபுறமும் நூறடி நீளத்துக்கு நடுத்தடுப்பு போட்டுவிட்டு, அதன் பிறகு மனிதர்களை எடை போடுங்கள்.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
கூலி பிடிப்பார்கள் என்ற பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பயமும் இல்லாத இடத்திலும் இதேதான் நடக்கிறது என்பதை இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட ஓடிவந்து, ஜன்னல் வழியாகத் துண்டையும் கைக்குட்டையையும் சாப்பாட்டுக் கூடையையும் போட்டு இடம் பிடிப்பார்கள். சிலர் குழந்தையையே தூக்கி உள்ளே விடுவார்கள். படியிலோ, இறங்குகிறவர் இரண்டாம் படியில் இருக்கும்போதே ஏறுகிறவர் முதல் படியில் நிற்பார். உள்ளே இருப்பவர் இறங்கினால்தான் வெளியே இருப்பவருக்கு இடம் கிடைக்கும் என்ற கணக்குக்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆரணி வண்டி. வட மாநிலத்திலிருந்து சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு வயதான தம்பதி முன்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு பெரிய எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஏறுகிற கூட்டம் அவரை இறங்க விடாமல் மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. உறை கதவுக் கம்பியில் மாட்டி மடங்கியது. அவர் கணவர் மட்டும் கீழே நின்று, எங்கள் யாருக்கும் புரியாத மொழியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விசில் கொடுத்தேன், கையைப் பிடித்துத் தடுத்தேன், பயனில்லை. கூட்டம் அடங்கிய பிறகு எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் உட்கார்ந்த பின்னும் வண்டியில் பதினாறு இருக்கைகள் காலியாக இருந்தன. அன்று யாருடைய கூலி, எந்த முதலாளியால் பிடிக்கப்பட இருந்தது என்பதைப் பாலாற்றங்கரை நண்பர் சொல்லட்டும்.

சத்துவாச்சாரி ஆசிரியை:
அறிவு உண்டா இல்லையா என்று பேசுவதால்தான் பேச்சு தடம் மாறுகிறது. இதற்கு நம்மிடம் ‘இங்கிதம்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற நினைவோடு நடந்துகொள்வது. படித்தவர்களிடம் அது இல்லாமலும் படிக்காதவர்களிடம் நிறைந்தும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர் இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் சீரியலை வார்டு முழுவதும் கேட்கும்படி வைத்துக்கொண்டிருந்தார். அருகில் சென்று, “அண்ணா, அப்பாவுக்கு இப்போதுதான் கண் அசந்தது” என்று மெதுவாகச் சொன்னேன். “அடடா, எனக்குத் தோணவே இல்லம்மா” என்று உடனே அணைத்தவர், மறுநாள் விடியற்காலையில் எங்களுக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வந்து வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவே. அதற்கு நடுத்தடுப்பும் உதவாது, திட்டுவதும் உதவாது. தோன்றும்படி ஒருவர் சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரை:
அம்மா, ஒரு வார்டில் ஒருவரிடம் சொல்லலாம். கேட்டில், தலைக்கவசம் போட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் இருநூறு பேரிடம் யார் போய் மெதுவாகச் சொல்வது? நடத்துநர் ஐயாவுக்கும் இதையே பதிலாகச் சொல்கிறேன். இருக்கை காலியாக இருக்கிறது என்பது வண்டிக்குள் நின்ற உங்களுக்குத் தெரிந்தது. கீழே நின்ற கூட்டத்துக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
இருக்கை தெரியாமல் இருக்கலாம். கண்ணுக்கு நேரே படியில் தவித்த அந்த அம்மாளுமா தெரியவில்லை?

கேட்டோரக் கடைக்காரர்:
பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கேட் சிக்னலோடு இணைக்கப்பட்டது. கம்பி இறங்கிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். தண்டவாளத்தின் மேல் வண்டிகள் முட்டி நின்றால் கேட் கீப்பரால் கம்பியை இறக்க முடியாது. அடுத்த ரயில் சிக்னலுக்காக வெளியே காத்திருக்கும். பிறகு அது மெல்ல நகர்ந்து வந்து கடக்கும் வரை கேட் இன்னும் கூடுதலாக மூடிக் கிடக்கும். எட்டரைக்கு முந்தியவர்கள், ஒன்பது மணிக்கு வருபவர்களின் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேட் கீப்பர் கொடியை ஆட்டிக்கொண்டு தொண்டை வற்றக் கத்துவதைத் தினமும் பார்க்கிற எனக்கு, இது வெறும் எரிச்சலூட்டும் விஷயமாகத் தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஓர் ஆம்புலன்ஸ் சிக்கியது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். அவர் குரல் கடை வரை கேட்டது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அன்று யாருக்கு அபராதம் போடுவது? எல்லோரும் வழிவிடத்தான் துடித்தார்கள், எவராலும் ஓர் அடி நகர முடியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த நால்வரும் நானும் ஓடி, முதல் வரிசை பைக்குகளை ஆளோடு தூக்கி ஓரத்தில் வைத்துத்தான் வழி எடுத்தோம். ஒன்பது நிமிடம் ஆயிற்று.

நடுத்தடுப்பையும் செய்து பார்த்துவிட்டோம். சென்ற ஆண்டு நாங்களே மண் நிரப்பிய நான்கு தார் டிரம்களை நடுவில் வைத்துக் கயிறு கட்டினோம். பத்து நாள் அவ்வளவு ஒழுங்கு. பதினோராம் நாள் ஒரு கல்யாண வேன் திரும்புவதற்காக ஒரு டிரம்மை நகர்த்தினார்கள், திருப்பி வைக்கவில்லை. அந்த இடைவெளியில் முதலில் ஒரு பைக் நுழைந்தது, மறுநாள் ஆட்டோ. ஒரே வாரத்தில் நான்கு டிரம்களும் சாக்கடை ஓரத்தில் கிடந்தன.

கணியம்பாடிக்காரன்:
பத்து நாள் ஒழுங்காக இருந்ததைப் பாலாற்றங்கரை எடுத்துக்கொள்வார். டிரம்மைத் திருப்பி வைக்காததை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘அறிவின்மை’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆசிரியை அம்மா சொன்ன சொல்லே பொருத்தம். ஆனால் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறவில்லை. அந்த வேனிலிருந்து இறங்கி டிரம்மை நகர்த்தத் தெரிந்த கைகளுக்கு, அதைத் திருப்பி வைக்க அரை நிமிடம் போதும்.

பாலாற்றங்கரை:
திருப்பி வைக்காதவர் செய்தது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் நூறு பேரில் ஒருவர் மறந்தால் குலைந்துபோகும் ஏற்பாடு ஏற்பாடே அல்ல. நகர்த்த முடியாத கான்கிரீட் தடுப்பு வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனு கொடுப்போம். நான் எழுதித் தருகிறேன். மக்களைக் குறை கூறும் வரி மட்டும் அதில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டோரக் கடைக்காரர்:
மனுவில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பு வரும் வரை, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை கேட்டின் இருபுறமும் இரண்டிரண்டு பேர் நின்றால் போதும். இந்தப் பக்கத்துக்கு நான் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
அந்தப் பக்கத்துக்கு நான் வருகிறேன். விசில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் மனுவைப் பற்றிய நிபந்தனைக்கு நான் உடன்படமாட்டேன். டிரம்மை நகர்த்தியவர்கள் திருப்பி வைக்கவில்லை என்ற வரி அதில் இருந்தால்தான் என் கையெழுத்து விழும்.