1942 குண்டுவீச்சுக் கண்காட்சிக்கு உங்கள் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எமது ஊர் வரலாற்றுக் கழகத்தின் சிறிய அருங்காட்சியகத்தில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டுவீசியதையும், சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்ததையும், சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊரைவிட்டு ஓடியதையும் காட்டும் பகுதியொன்றை அமைத்து வருகிறோம். கப்பல்களைப் பற்றிய செய்திகள் ஏராளமாக உள்ளன. எங்கள் வீடுகளின் கதைதான் குறைவு, அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்த அக்காலக் கடிதமொன்று மடிப்புகளில் கிழிந்து, குண்டூசி துருப்பிடித்த இடத்தில் எழுத்து மறைந்திருக்கிறது. மேலும் சேதமாகாமல் அதை விரித்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் முறையை, ஆவணக்காப்பில் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லித்தாருங்கள். பழைய புகைப்படங்களை இரவல் தந்தால் பிரதியெடுத்துத் திருப்பித் தருவோம். அந்நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அறியத்தாருங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய மாணவர்களோடு நாங்களே வீடுதேடி வருவோம்.