மீன் தொட்டியில் கல்லுப்பு எப்போதும் வேண்டுமா?

வண்ணார்பேட்டை மோலி:
என் 60 லிட்டர் தொட்டியில் மூன்று வருஷமாக லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் தூத்துக்குடி கல்லுப்பு போடுகிறேன். மோலியும் கப்பியும் குட்டி போட்டுப் பெருகுகின்றன, நோயே வந்ததில்லை. மீன் ரத்தத்தில் லிட்டருக்கு 9 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. ஆற்றுத் தண்ணீரில் மிகக் குறைவு. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் உப்பு அந்தப் பாரத்தைக் குறைக்கிறது. எல்லோரும் போடுங்கள்.

பாளை பாசிச்செடி:
அண்ணாச்சி, அந்த 'எல்லோரும்' தான் எனக்குப் பிடிக்கவில்லை. மோலி கழிமுகத்திலும் வாழும் மீன், உப்பு அதற்குப் பழக்கம். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்னீரில், அதாவது கரைந்த உப்புகள் குறைந்த தண்ணீரில், பிறந்தது. அந்தப் பாரத்தைச் சுமக்கவே அதன் சிறுநீரகம் அமைந்திருக்கிறது. போன கோடையில் யாரோ சொன்னதைக் கேட்டு நானும் போட்டேன். தண்ணீர் வற்ற வற்ற உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆறு வாரத்தில் செடிகள் அழுகின, கோரிடோராஸ் கெளுத்தி மீன்கள் நான்கும் செத்துப்போயின. இன்னும் மனசு ஆறவில்லை.

வண்ணார்பேட்டை மோலி:
வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் அது அளவு தப்பியதால் வந்தது. வற்றியதற்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 15 லிட்டர் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றினால் 15 கிராம் மட்டும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் நீங்களும் உப்பைத்தானே தேடுவீர்கள்?

பாளை பாசிச்செடி:
தேடுவேன். ஆனால் அப்போது லிட்டருக்கு 2, 3 கிராம் வேண்டும், இரண்டு வாரம் போல விட வேண்டும். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீன் தோலுக்குள் இருக்கும்வரை உப்பு அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் கொல்லும். உங்கள் 1 கிராமை நம்பி இருக்க முடியாது. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சு ஏறினாலும் உப்பு உதவும், அதிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். வேலை முடிந்ததும் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட வேண்டும். காய்ச்சல் மாத்திரையை வருஷம் முழுக்கவா சாப்பிடுகிறோம்?

திசையன்விளை போர்த்தண்ணீர்:
நீங்கள் இருவரும் தாமிரபரணித் தண்ணீரை வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் போர்த்தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது. அண்ணாச்சி சொல்கிறார் என்று இதில் இன்னும் 1 கிராம் போட்டால் என்ன ஆகும்? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்க்காமல் யாரும் உப்புப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

வண்ணார்பேட்டை மோலி:
சரி, 'எல்லோரும்' என்றதை எடுத்துவிடுகிறேன். கரிப்புத் தண்ணீரை நான் யோசிக்கவில்லை. ஆனால் என் மோலித் தொட்டியில் உப்புப் போடுவதை நிறுத்த மாட்டேன்.