சியான் முதல் தாலி வரை: அந்தந்த ஊரின் உணவை அறிந்து உண்பது எப்படி?

கேள்வி: வைகைக்கரை

வரும் ஆகஸ்ட் மாதத்தில் நானும் என் தங்கையும் சீனாவின் சியானில் தொடங்கி செங்டு, சோங்சிங், குன்மிங் வழியாகத் தாலி நகரம் வரை ரயிலில் செல்ல இருக்கிறோம். பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிப் போதிய அளவு படித்துவிட்டேன். உணவைப் பற்றித்தான் தெளிவு கிடைக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் சீன உணவு என்று விற்கப்படும் கோபி மஞ்சூரியன் அங்கே இருக்காது என்பதை அறிவேன். ஒவ்வொரு மாகாணத்திலும் அந்த மண்ணுக்கு உரியதை, அங்குள்ளவர்கள் உண்ணும் முறைப்படியே உண்ண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் மாட்டிறைச்சி தவிர மற்ற இறைச்சிகளை உண்பேன். தங்கை முட்டையும் பாலும் எடுத்துக்கொள்வாள். இறைச்சி, மீன் எதையும் தொடமாட்டாள். இருவருக்கும் சீன மொழி தெரியாது. எந்த ஊரில் எதற்கு முதலிடம் கொடுக்கலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். மிளகாய்க் காரத்தில் வளர்ந்த நமக்கு, செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்தின் உணவு எளிதில் ஒத்துவருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: மூங்கில்நிழல்

வணக்கம். பணி நிமித்தம் செங்டுவில் வசிப்பவன் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

சிச்சுவான் உணவின் காரத்தை மிளகாயின் அளவை மட்டும் வைத்துக் கணிக்க இயலாது. 'மாலா' எனப்படும் சுவையில் மிளகாயின் எரிவோடு சிச்சுவான் மிளகு தரும் மரப்பும் சேர்ந்துவிடுகிறது. இது நம் மிளகின் இனம் அன்று. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது, கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்பில் இடும் திர்பலுக்கு நெருங்கிய உறவு. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டுவதால், நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்வதைப் போன்ற உணர்வு உதட்டில் எழுகிறது. மிளகாய்க்குப் பழகிய நாக்கு எரிவைத் தாங்கிக்கொள்ளும். இந்த மரப்பு அதற்குப் புதியது. ஆகவே முதல் நாளே, மேசையில் கொதிக்கும் சாறுப் பானையில் நாமே வேகவைத்து உண்ணும் ஹாட்பாட் கடைக்குச் செல்லாமல், வெறும் சோற்றோடு உண்ணும் சாதாரண உணவுகளில் தொடங்குங்கள்.

உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கோங்பாவ் கோழி. சிங் ஆட்சிக் காலத்தில் சிச்சுவான் ஆளுநராக இருந்த திங் பாவ்ஜென்னின் பதவிப் பெயரால் வழங்கும் இந்த உணவில், வறுபட்ட மிளகாயின் மணம், நிலக்கடலை, இளம் புளிப்பு, இளம் இனிப்பு எல்லாம் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கும். அடுத்ததாக, கற்பூர மரத்தழையும் தேயிலையும் இட்டுப் புகையூட்டிய வாத்து. அதில் காரமே இல்லை. சிச்சுவான் சமையல் என்றாலே காரம் என்று பலரும் எண்ணுவதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த வாத்தை ஒருமுறை உண்டவர் அப்படிச் சொல்லமாட்டார். சோங்சிங்கில் கிடைக்கும் லாட்ஸி கோழியில் தட்டு நிறைய வற்றல் மிளகாய் குவிந்திருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மிளகாய் மணத்துக்காக இடப்படுவது, அதை ஒதுக்கிவிட்டுக் கோழித் துண்டுகளை மட்டும் எடுத்து உண்பதே வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. சோயாப் பாலில் செய்த கட்டியான தோஃபு சேர்ந்த 'மாப்போ தோஃபு' என்றதும் பலரும் அதைச் சைவம் என்று கருதுகிறார்கள். செங்டுவின் பழைய முறையில் அதில் கொத்திய மாட்டிறைச்சி உண்டு. பல கடைகளில் பன்றி இறைச்சி இடுவார்கள். எனவே உங்கள் இருவருக்குமே கேட்டறிந்து வாங்க வேண்டிய உணவு அது. இறைச்சி இல்லாமல் செய்து தரும் கடையில், பீசியன் ஊரின் நொதித்த மிளகாய்–ஃபாவா பீன்ஸ் விழுது ஒன்றே அதற்குப் போதிய ஆழத்தைத் தந்துவிடும்.

பதில்: கோதுமைநாடு

சியானைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கிருந்து செங்டு செல்லும் அதிவேக ரயில், சின்லிங் மலைத்தொடரின் சுரங்கங்களைக் கடந்து சுமார் நான்கு மணி நேரத்துக்குள் சென்றுவிடும். அந்த மலைக்கு வடக்கே கோதுமை, தெற்கே அரிசி என்பது சீன உணவின் பெரும் எல்லைகளில் ஒன்று. ஆதலால் சியானில் இருக்கும்வரை அரிசியைத் தேடாதீர்கள்.

முஸ்லிம் குடியிருப்புப் பகுதியில் 'யாங்ரோ பாவ்மோ' உண்ணாமல் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் வெறும் கிண்ணமும் கெட்டியான தட்டை ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். ரொட்டியை நீங்களே சோயா பயறு அளவுக்குச் சிறு துண்டுகளாகக் கிள்ளிப் போட வேண்டும். பிறகு கிண்ணம் சமையலறைக்குச் சென்று, ஆட்டிறைச்சிச் சாறில் ரொட்டியோடு சேர்ந்து வெந்து திரும்பிவரும். துண்டு பெரிதாக இருந்தால் உள்ளே சாறு ஊறாது. ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே நெடுநேரம் பொறுமையாகக் கிள்ளுவதன் காரணம் இதுதான். இனிப்பாக ஊறவைத்த பூண்டும் மிளகாய் விழுதும் பக்கத்தில் தருவார்கள். கிண்ணத்தைக் கலக்காமல் ஓரத்திலிருந்து உண்பது அங்குள்ள பழக்கம். ஒரே கடையில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி இரண்டும் கிடைக்கும் என்பதால், 'யாங்ரோ' என்று கேளுங்கள். 'நியூரோ' என்றால் மாடு.

தங்கைக்கு லியாங்பீ பொருத்தமானது. கோதுமை மாவைக் கழுவி எடுத்த மாச்சத்தை ஆவியில் வேகவைத்து, பட்டையாக நறுக்கி, வெள்ளரி, வினிகர், மிளகாய் எண்ணெய் சேர்த்துக் குளிர்ச்சியாகத் தருவார்கள். ஆகஸ்ட் வெயிலுக்கு இதைவிட ஏற்றது இல்லை. அகன்ற பியாங்பியாங் நூடுல்ஸிலும் மிளகாய்த்தூளின் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் வகை உண்டு; இறைச்சிக் குழம்பு வேண்டாம் என்று சொல்லி அதை வாங்கலாம்.

பதில்: பச்சிலை

நான் முழுச் சைவம் என்பதால் உங்கள் தங்கைக்காக எழுதுகிறேன். 'வோ ச்சர் சூ' என்றால் சைவ உணவு உண்பவர் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இறைச்சி இல்லாவிட்டால் போதும் என்று எண்ணும் சமையற்காரர்களும் உண்டு. வறுத்த பச்சை பீன்ஸில் கொத்திய பன்றி இறைச்சியும், கீரையில் சிப்பிச் சாறும், முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்பும் இருக்கக்கூடும். இறைச்சி, மீன், எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்கும் அட்டையைச் சீன எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். முட்டையும் தக்காளியும் சேர்த்த வதக்கல் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் கிடைக்கும். புத்த விகாரைகளின் உணவுக்கூடங்களே முழு நம்பிக்கைக்கு உரியவை. செங்டுவில் வென்ஷு விகாரையில் அப்படி ஓர் உணவகம் உள்ளது.

யுன்னான் மாகாணத்துக்கு வந்தபின் தங்கையின் பாடு எளிதாகிவிடும். பாய் இன மக்கள் ஆட்டுப்பாலைத் திரித்துச் செய்யும் 'ரூபிங்' நம் பன்னீரை ஒத்தது, பொரித்துத் தருவார்கள். தாலியின் தெருக்களில் பாலாடைக்கட்டித் தகடான 'ரூஷானை'க் கரியடுப்பில் வாட்டி, ரோஜா ஜாம் தடவிக் குச்சியில் சுற்றித் தருவதையும் தவறவிடாதீர்கள்.

ஆகஸ்ட் அங்கே காட்டுக் காளான் பருவம். 'ஜியான் ஷோ சிங்' என்ற, வெட்டினால் நீலமாக மாறும் காளான் மிகுந்த சுவை உடையது. ஆனால் அரைகுறையாக வெந்தால் இல்லாத உருவங்களைக் காணும் அளவுக்கு நச்சுத்தன்மை கொண்டது. 2023-இல் அமெரிக்க நிதித்துறைச் செயலராக இருந்த ஜேனட் யெல்லன் பெய்ஜிங்கில் உண்டதாகப் பேசப்பட்ட காளானும் இதுதான். குன்மிங் காளான் ஹாட்பாட் கடைகளில் கடிகாரம் வைத்து, நேரம் முடியும்வரை யாரையும் பானையில் கைவைக்க விடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாத கடையில் இதை உண்ண வேண்டாம். சாறு பெரும்பாலும் கோழியில் செய்ததாக இருக்கும் என்பதால் தங்கைக்காக முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரே ஓர் ஐயம்: சோங்சிங்கில் ஹாட்பாட் உண்ணும்போது நாங்கள் இருவரும் ஒரே பானையைப் பகிர்ந்துகொள்ள இயலுமா?

பதில்: மூங்கில்நிழல்

வேண்டாம் என்பதே என் பரிந்துரை. சோங்சிங்கின் சிவந்த குழம்புக்கு மாட்டுக் கொழுப்புதான் அடிப்படை. அது உங்களுக்கே ஆகாது. தாவர எண்ணெயில் செய்யும் 'சிங்யோ' வகை செங்டுவில் பரவலாக இருப்பதால், ஹாட்பாட்டை அங்கேயே உண்டுவிடுங்கள். நடுவே தடுப்பு வைத்த பானையில் வெளிறிய பக்கத்துச் சாறும் பல கடைகளில் எலும்பில் காய்ச்சியதே. ஆளுக்கொரு சிறு பானை தரும் கடைகள் இருக்கின்றன. அங்கே தங்கைக்கு வெந்நீரை மட்டும் ஊற்றச் சொல்லி, தோஃபு, தாமரைக் கிழங்கு, காளான், கீரை வகைகளை வேகவைத்து, பூண்டும் நல்லெண்ணெயும் கலந்த தொட்டுக்கையோடு அவர் நிறைவாக உண்ணலாம். பல கடைகளில் மேசையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் உணவைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பணம் செலுத்த உதவும் அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் வங்கி அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துச் சரிபாருங்கள். கூகுள் சேவைகள் அங்கே தடுக்கப்பட்டுள்ளதால், இணையமின்றி இயங்கும் மொழிபெயர்ப்புக் கோப்பையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.