மாணவர் குழு உரையாடலில் மாடரேட்டர்: கலைச்சொல் பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

இணையவழிப் பாடங்களில் மாணவர் குழுக்களை நடத்தும் மாடரேட்டரை மட்டுறுத்துநர் என்றே குறிக்கலாம் என முந்தைய மடல்களில் சொல்லப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. வரம்பு மீறும் பதிவை நிறுத்தி வைப்பதையும் நீக்குவதையும் அச்சொல் சரியாகவே குறிக்கிறது. அப்பொருளில் இணையத் தமிழில் வேரூன்றியும் விட்டது. ஆனால் கற்றல் குழுவில் அது மிகச் சிறிய வேலை. அங்கே அவரது முதற்கடமை மாணவர்களைத் தம்முள் பேசவைப்பது.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு கல்வி ஆய்வாளர் ஜில்லி சால்மன் 2000ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட, இணையவழிக் கற்றலின் ஐந்து படிநிலைகளில், முதற்படியில் உள்நுழையத் தெரியாதவருக்குக் கைகொடுப்பவர், தகவல் பரிமாற்றம் என்னும் மூன்றாம் படியைத் தாண்டிக் கூடி அறிவை உருவாக்கும் நான்காம் படிக்கு வரும்போது, சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி, யாரும் கேளாத கேள்வியை எழுப்புபவராகிறார். இந்தத் தொடர்புபடுத்தலுக்குத்தான் நமக்கு முதலில் சொல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருவர், தம் வகுப்பில் பலர் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவதாகப் பதிகிறார். மறுநாள் வேறொருவர், முதற்பதிவைக் காணாமலே, தாள் பட்டைகளை மடித்துப் பின்னம் கற்பித்ததைப் பற்றி எழுதுகிறார். நடத்துபவர் விளக்கவுரை எழுதுவதில்லை. "கூட்டி வந்த ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியதல்லவா? அதைத் தாள் பட்டையில் மடித்துக் காட்டினால் அந்தப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?" என்று இருவரையும் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இதைக் 'கருத்திணைப்பு' எனலாம் என்ற பரிந்துரை எளிமையானது. எனினும் கருத்தொருமிப்பு என்ற பொருளுக்கு இழுத்துச் செல்கிறது. முரண்படும் பதிவுகளை முரண் மறையாமல் அருகருகே நிறுத்துவதும் இப்பணியில் அடங்கும். 'இழைத்தல்' என்றாலோ தீங்கிழைத்தல் முன்னே வந்து நிற்கிறது. கோக்கப்பட்ட மணி தன் வடிவத்தை இழப்பதில்லை என்பதால், செயலுக்குக் 'கருத்துக்கோத்தல்' என்பதை முன்வைக்கிறேன்.

இப்பணியைச் செய்பவருக்குக் 'கலந்துரை நெறியாளர்' என்பது என் பரிந்துரை. வெறும் நெறியாளர் என்றால் ஆய்வேட்டு நெறியாளரும் தொலைக்காட்சி விவாத நெறியாளரும் குறுக்கிடுவர். ஆற்றுப்படுத்துநர் அழகிய சொல். ஆனால் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) உரியதாகிவிட்டது. இலங்கை வழக்கிலுள்ள வளவாளர், தம் துறையறிவை வழங்க வருபவர். இங்கே வேண்டப்படுபவரோ வழங்குவதைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்தவர். ஆஸ்திரேலியாவின் சுவின்பர்ன் பல்கலைக்கழக இணையவழி வானியல் பாடங்களை ஆராய்ந்து மார்கரெட் மசோலினியும் சாரா மாடிசனும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, பயிற்றுநர் மிகுதியாகப் பதிவிட்ட இடங்களில் மாணவர் பதிவுகள் குறைந்ததையும் உரையாடல் இழைகள் குட்டையானதையும் காட்டியது. அதே பயிற்றுநர்களை மாணவர்கள் ஆர்வமிக்கவர்களாக மதிப்பிட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே முற்றிலும் மறைந்துவிடுவதும் தீர்வாகாது.

'கலந்துரை' என்ற சுருக்கம் உறுத்துமாயின், 'கலந்துரையாடல் நெறியாளர்' என முழுமையாகவே எழுதலாம். அதில் எனக்குத் தடையில்லை. மட்டுறுத்துநர் என்பதை மட்டும் இப்பொருளுக்கு மாற்றுச்சொல்லாகவும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.