மறுமொழி: ‘சேர்ஜ்’ஜுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

ரொறன்ரோ அக்காவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். அக்கா கேட்டதும், அதற்கு மதுரை ஐயா சொன்னதும் இவை:

> கரவன் (உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துக்கொண்டு முகாம் திடல்களுக்குப் போகிற நம் சனத்துக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். திடலில் இருக்கும் மின்தூணில் கரவனைச் செருகுவதற்கு முன் ‘சேர்ஜ் புரொட்டெக்டர்’ (surge protector, மின்சாரம் திடீரெனக் கூடினால் சாமானைக் காக்கிற பெட்டி) போடச் சொல்ல வேண்டும். தமிழில் என்ன எழுதலாம்?

>> ‘மின்னெழுச்சிக் காப்பி’ என்று எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் பழகிய வழக்குதான்.

மதுரை ஐயாவின் சொல்லில் இலக்கணக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கிளிநொச்சியில் ‘எழுச்சி’ என்றால் காதில் விழுவது வேறு. எழுச்சிப் பாடல், எழுச்சி நாள், எழுச்சிக் கூட்டம் என்று ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்த சொல் அது. “உங்கட வீட்டில மின்னெழுச்சி வந்திருக்கு” என்று நான் போய்ச் சொன்னால், ஆச்சி முதலில் படலையைத்தான் எட்டிப் பார்ப்பா.

சரி, அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். எனக்கு உள்ள சிக்கல், நாம் ஒரே சொல்லுக்குள் இரண்டு சாமானை அடைக்கப் பார்க்கிறோம் என்பது. வயரிங் வேலை செய்கிற இடமெல்லாம் இதைப் பார்க்கிறேன். டிவி போனாலும் பிரிட்ஜ் போனாலும் சனம் சொல்வது ஒன்றுதான்: “கரண்ட் கூடி அடிச்சுப் போட்டுது.” அந்த அடி இரண்டு விதம். ஒன்றைத் தடுக்கிற பெட்டி மற்றதைத் தடுக்காது.

முதல் விதம் மின்னலோடு வருவது. இங்கே சித்திரையிலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் தெரியும். மின்னல் லைனில் நேரே விழத் தேவையில்லை; பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும். ஆனால் அது இருக்கிற நேரம் மைக்ரோசெக்கன் கணக்கு. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு அலை முடிய 20 மில்லிசெக்கன் எடுக்கும். இந்த அடி அதில் மிகச் சிறு பங்கு நேரத்துக்குள் வந்து போயிருக்கும். பிரேக்கர் விழுவதற்கு அந்த நேரம் காணாது.

இரண்டாவது, நொதுமல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி, அறுவது. (மதுரை ஐயாவுக்கு: நீங்கள் ‘நடுநிலை’ என்பதை எங்கள் பாடப்புத்தகம் ‘நொதுமல்’ என்கிறது. பகை, நொதுமல், நண்பு என்று பழைய உரைகாரர் எழுதிய அதே சொல்.) மூன்று பேஸ் (உயிர்க் கம்பி) உள்ள லைனில் ஒவ்வொரு பேஸுக்கும் நொதுமலுக்கும் இடையில் 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் 400. மரக்கொப்பு முறிந்து விழுந்தோ, மூட்டுக் கறள் பிடித்தோ நொதுமல் விட்டுப்போனால், வேறு வேறு பேஸில் இருக்கிற வீடுகள் அந்த 400ஐத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். அதிகம் சாமான் ஓடுகிற வீட்டுக்குக் குறைவாகவும், ஒரு பல்ப் மட்டும் எரிகிற வீட்டுக்குக் கூடுதலாகவும் போகும். 300, 350 என்று ஏறி, ஆள் வந்து கம்பியைக் கட்டும் வரை அப்படியே நிற்கும். பெரிய ஜெனரேட்டரில் பலர் கொழுவியிருக்கும்போது நொதுமல் கழன்றாலும் இதே கதைதான்.

போன மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போய்வந்த ஒரு வான் என்னிடம் வேலைக்கு வந்தது. உள்ளே படுக்கை, சின்னப் பிரிட்ஜ், பற்றரி சார்ஜர் எல்லாம் பூட்டி, குடும்பமாகத் தங்குவதற்கு ஏற்ற மாதிரிச் செய்த வான். காட்டோரம் நிறுத்தி, யாரோ இழுத்திருந்த தற்காலிக லைனில் கொழுவியிருக்கிறார்கள். சார்ஜர் போய்விட்டது, பிரிட்ஜின் போர்ட்டும் போய்விட்டது. “சேர்ஜ் போர்ட் போட்டுத்தானே கொழுவினோம், பிறகு எப்படி?” என்று கேட்டார்கள்.

அந்தச் சேர்ஜ் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே உயிர்க் கம்பிக்கும் நொதுமலுக்கும் குறுக்கே நீலத் தட்டு ஒன்று, அவ்வளவுதான் பாதுகாப்பு. தட்டு இரண்டாகப் பிளந்து, ஓரம் கரியாகி, மேலே இருந்த பிளாஸ்ரிக்கும் உருகிச் சுருங்கியிருந்தது. அழியாமல் மிஞ்சிய எழுத்தில் 471 என்ற எண். 47க்குப் பிறகு ஒரு பூச்சியம், அதாவது 470 வோல்ட். அந்தத் தட்டு நாக ஒட்சைட்டால் (zinc oxide) செய்தது. அதன் குறுக்கே மின்னழுத்தம் 470 வோல்ட்டுக்குக் கீழ் இருக்கும்வரை சும்மா இருக்கும், தாண்டினால் தானே கடத்தத் தொடங்கும்.

230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவிதச் சராசரி; அந்த மின்சார அலையின் உச்சி 325 வோல்ட். ஆகவே வழமையான நாளில் தட்டுக்கு வேலை இல்லை. மின்னல் அடி வந்தால் ஒரு கணம் கடத்திவிட்டு ஓயும், பெரிய சூடும் ஏறாது. ஆனால் லைன் 350க்கு ஏறி நின்றால் உச்சி 495 ஆகிவிடும். அப்போது தட்டு செக்கனுக்கு 100 தரம் கடத்தும், சூடேறும், கடைசியில் வெடிக்கும். அது வெடித்த பிறகும் 350 வோல்ட் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். இரணைமடு மாதிரிப் பெரிய குளத்துக்கு வான் (நீர் வழிந்தோடும் கலிங்கு) இருப்பது போலத்தான் இந்தத் தட்டு: மேலதிகத் தண்ணீரைப் பக்கத்தால் விட்டுவிடும், ஆனால் மேலே இருந்து வருகிற ஆற்றை அதனால் மறிக்க முடியாது.

மறிக்க வேண்டுமானால் வேறு பெட்டி வேண்டும். அழுத்தத்தை அளந்துகொண்டே இருந்து, எல்லை தாண்டினால் லைனையே கழற்றிவிடுகிற பெட்டி. நம் கடைகளில் ‘பிரிட்ஜ் கார்ட்’ என்று விற்பது இந்தச் சாதிதான். 120 வோல்ட் ஓடுகிற அக்காவின் ஊரில் கரவனுக்கென்று வருகிற சில பெட்டிகள் 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132க்கு மேலே ஏறினாலும் வெட்டிவிடும். பிறகு நிலைமை சரியானாலும் உடனே விடாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுத்துத்தான் திரும்ப விடும். ஏசியின் கொம்பிரசர் நின்ற கையோடு திரும்பத் தொடங்கினால் திணறும் என்பதற்காக.

அந்த 104தான் அங்கே கூடுதலாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன். வெயில் ஏறிய சனிக்கிழமை பின்னேரம் திடலில் நிற்கிற எல்லாரும் ஏசி போட்டால் தூணில் வோல்ட் இறங்கும். இறங்கிய வோல்ட்டில் மோட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். மின்னலுக்குப் பயந்து வாங்குகிற பலகை இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது.

ஆகவே என் முன்மொழிவு:

மின்னல் அடி மாதிரி வந்து போவதற்கு ‘மின்துள்ளல்’. அதைத் தாங்கும் தட்டுக்கும் பலகைக்கும் ‘துள்ளல்தாங்கி’. இடிதாங்கி என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

ஏறியோ இறங்கியோ அப்படியே நிற்பதற்கு ‘மிகையழுத்தம்’, ‘குறையழுத்தம்’. அவற்றில் லைனைக் கழற்றுவதற்கு ‘அழுத்த வெட்டி’.

– கிளிநொச்சி வயரிங்காரன்

* * *

அன்புள்ள தம்பி,

துள்ளல் கலிப்பாவின் ஓசை. அதைக் கொண்டுபோய் மின்கம்பியில் ஏற்றுகிறீர்களே! கேட்டால் குதூகலமாக இருக்கிறது, ஆபத்தாகத் தெரியவில்லை. ‘எழுச்சி’ உங்கள் பக்கம் ஒத்துவராது என்பது புரிகிறது. ‘மின்வீச்சு’ என்றால் என்ன?

அப்புறம், ‘வெட்டி’ மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் வெட்டி என்றால் வேலை இல்லாதவன். ‘அழுத்த வெட்டி வாங்கிப் போடுங்கள்’ என்று படித்தால் பையன்கள் சிரிப்பார்கள்.

– மதுரையிலிருந்து

* * *

வீச்சு வேண்டாம் ஐயா. பௌதிகத்தில் ‘வீச்சம்’ என்று அலையின் உயரத்துக்கு ஒரு சொல்லைப் பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள். பரீட்சைத் தாளில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள், திருத்துகிற எங்களுக்குத்தான் தலையிடி. வெட்டிக்குப் பதிலாக ‘துண்டிப்பான்’ என்று வைக்கலாம். பாடப்புத்தகத்தில் இருக்கிற ‘சுற்றுடைப்பான்’ என்ற சொல்லின் வாய்பாட்டோடும் பொருந்துகிறது.

– வவுனியா, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை

* * *

தம்பி, எனக்கு இரண்டு சந்தேகம். இங்கே கரவனுக்கு விற்கிற நல்ல பெட்டிகளில் தாங்கியும் துண்டிப்பானும் ஒன்றாகவே இருக்கின்றன. அதற்கு என்ன பெயர் எழுத? மற்றது, எங்கள் 30 அம்பியர் செருகியில் 120 வோல்ட் ஒன்றுதான். உங்கள் 400 வோல்ட் கதை இங்கே வருமா?

– ரொறன்ரோ

* * *

அக்கா, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 30 அம்பியர் கரவனுக்குள் அந்தப் பிரிப்பு இல்லை. ஆனால் 50 அம்பியர் செருகியில் 120 வோல்ட் கால் (உயிர்க் கம்பி) இரண்டு, இரண்டுக்கும் இடையில் 240, பொதுவாக ஒரு நொதுமல். அந்த நொதுமல் தூணில் கழன்றால் இரண்டு காலும் 240ஐப் பிரித்துக்கொள்ளும். ஏசி ஓடுகிற கால் இறங்கும், டிவியும் மைக்ரோவேவ் மணிக்கூடும் இருக்கிற கால் ஏறும். எண் சிறியது, விளையாட்டு அதேதான். நொதுமல் தூணுக்கு முன்னால் திடலின் லைனிலேயே விட்டுப்போனால் 30 அம்பியர்க்காரரும் தப்ப மாட்டார்கள்.

இரண்டும் சேர்ந்த பெட்டிக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டாம். துண்டிப்பான் என்றே சொல்லி, ‘துள்ளல்தாங்கியும் உள்ளது’ என்று சேர்த்து எழுதுங்கள். தாங்கி மட்டும் உள்ள பெட்டியைத் துண்டிப்பான் என்று யாரும் ஏமாந்து வாங்காமல் இருந்தால் போதும்.

மதுரை ஐயாவுக்கு: துள்ளினால் கீழே வந்துதானே ஆக வேண்டும்? அதற்காகத்தான் அந்தச் சொல். எழுச்சி எழுந்து நின்றுவிடும். குதூகலம் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, சனம் மறக்காது. வெட்டியை விட்டுவிட்டேன், ரீச்சர் சொன்ன துண்டிப்பான் நல்லாயிருக்கிறது.

எர்த் பற்றியும் பிரசுரத்தில் ஒரு வரி வேண்டும். நல்ல துள்ளல்தாங்கியில் உயிர்க் கம்பியிலிருந்தும் நொதுமலிலிருந்தும் புவிக்கு வேறு தட்டுகள் இருக்கும். எர்த் இல்லாத இரட்டைக் கம்பி வயரில் கொழுவினால் அந்தத் தட்டுகள் சும்மா தொங்கும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பி நிலத்தில் அடிக்க வேண்டிய முறை. ஆவணி வெயிலில் வறண்ட மண்ணில் ஒரு முழக் கம்பியைக் குத்திவிட்டு எர்த் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதனால்தான் இங்கே வானுக்கு வயரிங் செய்யும்போது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுகிற ட்ரிப் சுவிட்சை நான் போடாமல் விடுவதில்லை. துள்ளல்தாங்கி சாமானைக் காக்கும், ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்.

இன்னொன்று: ஊருக்கு வரும்போது அங்கே வாங்கிய பலகையைக் கொண்டுவந்து, பின்னுக்கு ஒரு அடப்டரை மாட்டி இங்கே கொழுவுகிறார்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த தட்டு நமது 230ஐக் கண்டவுடனேயே வெடிக்கும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பிரசுரத்துக்கு இப்படி எழுதலாம். கூட்டிக் குறைப்பது உங்கள் விருப்பம்:

“மின்தூணின் பிரேக்கரை முதலில் நிறுத்துங்கள். அழுத்தத் துண்டிப்பானைத் தூணில் செருகி, பிரேக்கரைப் போட்டு, அதன் விளக்கோ எண்ணோ காட்டும் முடிவைப் பாருங்கள். கம்பி மாறியிருக்கிறது, எர்த் இல்லை, வோல்ட் எல்லைக்கு வெளியே என்று காட்டினால் கரவனைக் கொழுவாமல் திடல் பொறுப்பாளரிடம் வேறு இடம் கேளுங்கள். சரி என்று காட்டினால் பிரேக்கரைத் திரும்ப நிறுத்திவிட்டுக் கரவனின் வயரைத் துண்டிப்பானில் செருகுங்கள், பிறகு பிரேக்கரைப் போடுங்கள். துள்ளல்தாங்கி மட்டும் உள்ள பலகை மின்னல் துள்ளலுக்கு உதவும். மிகையழுத்தத்தையும் குறையழுத்தத்தையும் அது நிறுத்தாது. பெரிய இடி வரும்போல இருந்தால் முன்கூட்டியே வயரைக் கழற்றி வைப்பதே நல்லது.”

‘மின்தூண்’ நல்ல சொல் அக்கா, அதை மாற்ற வேண்டாம்.

– கிளிநொச்சி வயரிங்காரன்