ராயபுரம் ஸ்டேஷன்: டெர்மினல் வரணுமா, பழைய கட்டடத்தைக் காப்பாத்தணுமா?

கல்மண்டபத்தான்:
சென்ட்ரல், எழும்பூர் ரெண்டும் நெரிசல்ல திணறுது. தாம்பரத்தை மூணாவது முனையமாக்கியாச்சு. வடசென்னைக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பினது எங்க ராயபுரத்துலேர்ந்துதான். சென்ட்ரல் வந்ததே 1873-ல. இன்னிக்கு இங்க புறநகர் வண்டி நின்னுட்டுப் போகுது, அவ்வளவுதான். டெர்மினல் வந்தே ஆகணும். பழைய கட்டடம் இருக்குன்னு யாரும் சாக்கு சொல்லக் கூடாது.

பழைய வண்ணை:
அண்ணே, கோபம் நியாயம். ஆனா அந்தக் கடைசி வரியை ஏத்துக்க முடியாது. 1853-ல இந்தியாவோட முதல் பயணிகள் வண்டி கிளம்பின பம்பாய் போரி பந்தர் ஸ்டேஷன் இப்ப இல்ல. அது போய்ச் சேர்ந்த தாணேயோட பழைய கட்டடமும் இல்ல. துணைக்கண்டத்துல இன்னும் நிக்கிற மிகப் பழைய ஸ்டேஷன் நம்மளுதுதான். கேட்பாரில்லாமக் கிடந்ததை 2005-லதான் பழுது பார்த்தாங்க. முகப்புல வரிசையா நிக்கிற அந்தத் தூண்களுக்குப் பக்கத்துல மேம்பாலமும் பார்க்கிங்கும் வந்தா என்ன மிஞ்சும்?

கல்மண்டபத்தான்:
இடிக்கச் சொல்லலையே தம்பி. எழும்பூர் 1908-ல திறந்தது. தினமும் வண்டி ஓடுது, முகப்பும் கம்பீரமா நிக்குது. ஜனங்க வந்துபோற கட்டடத்தைத்தான் அரசாங்கம் கவனிக்கும். பூட்டி வெச்சா கரையான்தான் கவனிக்கும்.

காசிமேட்டுக்காரி:
ரெண்டு பேரும் ராயபுரம்னாலே ரயில்தான்னு பேசறீங்க. அதுக்கு முன்னாடியே இந்த ஊர் இருந்துச்சு. துறைமுகம் கட்டாத காலத்துல கப்பலெல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாப் படகுலதான். அந்தப் படகுல ஆணியே இருக்காது. பலகையோட பலகை சேர்த்துத் தென்னங்கயித்துல தெச்சிருப்பாங்க. ஆணி அடிச்ச படகு இந்தக் கரையோர அலையில மோதினா பிளந்துடும், தெச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். அந்தப் படகுக்காரங்க கட்டினதுதான் ராயப்பர் கோயில், அதாவது புனித பீட்டர் சர்ச். துறைமுகம் வந்ததும் அவங்க பிழைப்பே போச்சு. பார்சிக்காரங்களோட நெருப்புக் கோயில் இங்கதான் இருக்கு. 1949-ல தி.மு.க. தொடங்கின ராபின்சன் பூங்காவும் இங்கதான். இதையெல்லாம் விட்டுட்டு ஸ்டேஷனை மட்டும் ஊரோட சரித்திரம்னு சொன்னா மனசு வலிக்குது.

பழைய வண்ணை:
அக்கா சொல்றது முழுக்க சரி. ஸ்டேஷன்ல ஒரு கூடத்தை ஒதுக்கி, தெச்ச படகு ஒண்ணை அங்க வைக்கலாம். வண்டிக்குக் காத்திருக்கிறவங்க பார்ப்பாங்க.

கல்மண்டபத்தான்:
அதுக்கும் வண்டி வரணும் இல்ல? அதைத்தானே நான் முதல்லேர்ந்து கேக்கறேன்!

காசிமேட்டுக்காரி:
வண்டி வரட்டும் அண்ணா. ஆனா ரோடு? துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசையிலேயே ஆம்புலன்ஸ் மாட்டிக்குது. பண்டிகை நேரத்துல எம்.சி. ரோடு பக்கம் நடக்கவே முடியாது. வெளியூர்க் கூட்டமும் இந்தத் தெருக்கள்ல இறங்கினா, அவதிப்படறது இங்க குடியிருக்கிற நாங்கதான்.

கல்மண்டபத்தான்:
டெர்மினல் வந்தாத்தான் ரோட்டை அகலப்படுத்துவாங்க. இல்லாட்டி இன்னும் ஐம்பது வருஷத்துக்கு லாரிதான்.

பழைய வண்ணை:
அகலப்படுத்தறேன்னு எந்த வீட்டை எடுப்பாங்க, அதையும் கேக்கணும். புது பிளாட்பாரம் பழைய தூண்கள்லேர்ந்து எவ்வளவு தள்ளி வரும்னு முதல்ல வரைபடத்தைக் காட்டட்டும். திருப்தியா இருந்தா உங்க மனுவுல முதல் கையெழுத்து என்னுது.