நல்லிணக்க நாளை நம் பள்ளியில் எங்கிருந்து தொடங்குவது?

ஆசிரியை, உசிலம்பட்டி:
கனடாவில் தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்த கொடுமையை நினைவுகூர, ஆண்டுதோறும் நல்லிணக்க நாளான செப்டம்பர் 30 அன்று மாணவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை அணிவதைப் பற்றி எட்டாம் வகுப்பில் பேசினோம். நம் பகுதியில் அப்படி ஏதும் நடக்கவில்லையா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். எதிலிருந்து தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்:
பெருங்காமநல்லூரிலிருந்து தொடங்குங்கள், அம்மா. அங்கே, சில சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தனர். அந்தச் சட்டம் நடப்பிலிருந்த காலத்திலேயே தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குவதால், கண்காணிப்பும் கல்வியும் கைகோத்து வந்த வரலாற்றை மாணவர்கள் தம் ஊரிலேயே விசாரித்து அறியலாம்.

ஆய்வு மாணவர், மதுரை:
ஐயா சொல்வது சரி. ஆனால் (1920-இன் கொடுமையைக் குறைத்துச் சொல்லவில்லை) கனடாவோடு நெருக்கமாக ஒப்பிடத் தக்கவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தொல்குடியினரான பளியர்களே. அவர்களுடைய காட்டுரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றாலும், பட்டா கைக்கு வருவது வேறு கதை.

ஆசிரியை, உசிலம்பட்டி:
நன்றி, ஐயா. நன்றி, தம்பி. இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். பளியர் பெரியவர்களை, அவர்கள் இசைந்தால் மட்டும், வகுப்பில் பேச அழைக்க எண்ணுகிறேன். பிள்ளைகளைக் குடியிருப்புக்கு வேடிக்கை பார்க்க அழைத்துச் செல்லமாட்டேன்.